கல்யாண ரீல்ஸில் சினிமாப் பாட்டு: ஒரு ஸ்டூடியோவுக்கு வந்த நோட்டீஸும் அதன் பிறகு மாறியவையும்

காவிரிப் படுகையில் ஓர் ஊரில், திருமண போட்டோ, வீடியோ எடுக்கும் சின்ன ஸ்டூடியோ ஒன்றில் நடந்தது இது. உரிமையாளர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யார் பெயரும் வராது. நோட்டீஸ் அனுப்பிய இசை நிறுவனத்தின் பெயரையும் கடைசியில் கைமாறிய தொகையையும் சொல்லப்போவதில்லை, இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறது. நான் சில ஸ்டூடியோக்களுக்கு எடிட்டிங்கிலும் இன்ஸ்டா, யூடியூப் வேலைகளிலும் உதவுகிறவன். நோட்டீஸ் வந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள், அதிலிருந்து முடிவுவரை கூட இருந்தேன். இதே பிரச்சினை இன்னும் பல ஸ்டூடியோக்களின் வாசலில் நிற்கிறது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

## பின்னணி

ஸ்டூடியோவில் நான்கு பேர். உரிமையாளர், இன்னொரு போட்டோகிராபர், எடிட்டிங் முழுவதையும் பார்க்கிற ஒரு பெண், லைட்டும் ஸ்டாண்டும் தூக்க ஒரு பையன். தை, மாசி, வைகாசி, ஆவணியில் தூங்க நேரம் கிடைக்காது, ஆடியிலும் மார்கழியிலும் ஆல்பம் வேலை ஓடும். முன்பெல்லாம் மண்டப மேனேஜர், சமையல்காரர், பந்தல்காரர் சொல்லித்தான் ஆர்டர் வரும். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடையாகி ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்ததிலிருந்து அந்த வழக்கம் மாற ஆரம்பித்தது. இப்போது பெண் வீட்டார் போன் செய்வதற்கு முன்னாலேயே பெண் இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறார். ஸ்டூடியோவுக்கு வரும் விசாரணைகளில் பெரும்பகுதி டி.எம்.மில்தான், அதாவது இன்ஸ்டாவில் நேரடியாக அனுப்பும் செய்தியில்.

ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முழுநீள வீடியோ, நாலைந்து நிமிட ஹைலைட்ஸ், அதிலிருந்து அரை நிமிட ரீல்கள் என்று கொடுப்பார்கள். பாட்டு விஷயத்தில் நடைமுறை எல்லா ஸ்டூடியோவிலும் இருப்பதுதான். எடிட்டர் முதலில் பாட்டைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் எங்கிருந்தோ இறக்கிய எம்பி3யை டைம்லைனில் போடுவார். அப்புறம் அந்தத் தாளத்துக்கு ஷாட்டை வெட்டுவார். மாலை மாற்றும் இடம் பல்லவியில் விழ வேண்டும், தாலி கட்டும் இடத்தில் பாட்டு ஏற வேண்டும். படம் பாட்டின் மேல் கட்டப்படுகிறது, அதனால் பிறகு பாட்டை உருவினால் படமும் சேர்ந்து சரிகிறது. இந்த ஸ்டூடியோ பின்னால் பட்ட சிரமத்தில் பாதி இதிலிருந்து வந்தது.

யூடியூபில் ஏற்றிய ஹைலைட்ஸ் ஒவ்வொன்றுக்கும் கன்டென்ட் ஐடி கிளெய்ம், அதாவது பாட்டை இயந்திரமே அடையாளம் கண்டு உரிமையாளர் பேரில் கோருவது, வந்துகொண்டேதான் இருந்தது. விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், வீடியோ அப்படியே இருக்கும், அவ்வளவுதான் என்று விட்டிருந்தார்கள். அவர்கள் யூடியூபில் சம்பாதிக்க நினைத்ததே இல்லை. கிளெய்ம் என்பது உரிமையாளர் இன்றைக்குப் பொறுத்துக்கொள்கிறார் என்பதற்கு மேல் எதுவும் இல்லை. நாளைக்கு அதே உரிமையாளர் வீடியோவை முடக்கலாம், எடுக்கச் சொல்லி, சேனல் மேல் ஸ்ட்ரைக் என்கிற தண்டனைக் குறியும் விழ வைக்கலாம். இது ஸ்டூடியோவில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

## முதலில் தெரிந்த அறிகுறிகள்

விளம்பரம் கொடுக்கவும் பக்கத்தில் போன் நம்பர் பட்டன் வைக்கவும் வசதியாக இருக்கும் என்று இன்ஸ்டா கணக்கை பிசினஸ் அக்கவுண்டாக மாற்றினார்கள். மாற்றியதும் ஆப்பில் பாட்டுத் தேடும் இடத்தில் சினிமாப் பாட்டுகள் காணாமல் போயின. முன்பின் கேட்டிராத வாத்திய இசைதான் வந்தது. ஆப் கோளாறு என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி போட்டும் பார்த்திருக்கிறார்கள்.

அது கோளாறு இல்லை. 2019இல் ஃபேஸ்புக் நிறுவனம் (இப்போது மெட்டா) இந்திய இசை நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டுத்தான் இன்ஸ்டாவுக்குள் பாட்டுகள் வந்தன. அந்த ஒப்பந்தங்கள் ஆள் தன் சந்தோஷத்துக்குப் போடும் பதிவுகளுக்கானவை. வணிக நோக்கத்துக்கோ சொந்த உபயோகம் அல்லாத நோக்கத்துக்கோ பாட்டைப் பயன்படுத்துவதானால் அதற்கான உரிமத்தைத் தனியாக வாங்கியிருக்க வேண்டும் என்று மெட்டாவின் இசை விதிகளிலேயே இருக்கிறது. பிசினஸ் கணக்குகளுக்கு உரிமக் கட்டணம் இல்லாத மெட்டாவின் சொந்தத் தொகுப்புதான் கிடைக்கும்.

எடிட்டர் ஒரு வழி கண்டுபிடித்தார், அல்லது அப்படி நினைத்தார். ஆப்புக்குள் பாட்டைத் தேடாமல், கம்ப்யூட்டரிலேயே பாட்டோடு சேர்த்து எக்ஸ்போர்ட் செய்து ஏற்றினார். ஏறியது, ஓடியது, சில வாரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒவ்வொரு ரீலாக ஊமையானது. ஊமையானதைச் சில நேரம் மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் பார்த்துச் சொன்னார்கள், "தம்பி, எங்க வீடியோவுல சத்தமே வரலையே". ஒரு ரீலைப் பூஸ்ட் செய்ய, அதாவது பணம் கட்டி விளம்பரமாக ஓட்டப் போனபோது, காப்பிரைட் உள்ள இசை இருப்பதால் முடியாது என்று திரும்பி வந்தது. உரிமையாளர் அதே வீடியோவை இன்னொரு பாட்டோடு மறுபடி ஏற்றச் சொன்னார்.

அடுத்தது யூடியூபில். ஒரு ஜோடியின் ப்ரீ வெட்டிங் ஷூட். ஒரு முழுப் பாட்டையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பாட்டின் காட்சிகளை அப்படியே ஆற்றங்கரையிலும் தோப்பிலும் திரும்ப எடுத்து, இருவரும் வாயசைக்கிற மாதிரி செய்திருந்தார்கள். நல்ல வேலை, ஒளி அவ்வளவு அழகு. பார்வைகளும் நிறையப் போயின. அந்த வீடியோ நீக்கப்பட்டு சேனலுக்குக் காப்பிரைட் ஸ்ட்ரைக் விழுந்தது. அதற்குப் பத்துப் பதினைந்து நாளில் மின்னஞ்சலில் வக்கீல் நோட்டீஸ்.

## நோட்டீஸில் இருந்தவை

இசை நிறுவனத்தின் சார்பில் ஒரு சட்ட அலுவலகம் அனுப்பியது. பதினொரு ரீல்களின் இணைப்பு, ஒவ்வொன்றிலும் எந்தப் பாட்டு, எத்தனை வினாடி, அன்றைக்கு எத்தனை பார்வைகள் என்று அட்டவணை போட்டிருந்தார்கள். நீக்க வேண்டும், இனி செய்ய மாட்டோம் என்று எழுத்தில் உறுதி தர வேண்டும், இதுவரை பயன்படுத்தியதற்கு இவ்வளவு தொகை தர வேண்டும் என்று மூன்று கோரிக்கை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 51, 55, 63 பிரிவுகளைக் குறிப்பிட்டிருந்தார்கள். 63ஆவது பிரிவு குற்றவியல் பிரிவு: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். உரிமையாளரின் மனைவி அந்த வரியைப் படித்துவிட்டு இரவு முழுக்கத் தூங்கவில்லை. கேட்ட தொகை அவர்களின் ஒரு சீசன் வருமானத்தில் பெரிய துண்டு.

பட்டியலில் இருந்த ரீல்கள் எல்லாமே ஸ்டூடியோவின் போன் நம்பரும் "புக்கிங் நடைபெறுகிறது" என்ற வரியும் சேர்ந்தவை. நிறுவனம் தற்செயலாக அவற்றை எடுக்கவில்லை. விளம்பரம் என்று சந்தேகமில்லாமல் காட்டக்கூடியவற்றை மட்டும் பொறுக்கியிருந்தார்கள். எதிர்த்து வாதாடலாமா என்ற பேச்சை அந்த அட்டவணையே முடித்துவிட்டது என்பது என் எண்ணம்.

## உரிமையாளரின் கேள்விகள்

அவர் கோபத்தில் கேட்டவை நியாயமான கேள்விகள், ஏனென்றால் இந்தத் தொழிலில் எல்லாரும் நம்புகிறவை இவை.

"முப்பது செகண்டுதானே அண்ணே?" முப்பது வினாடி என்று ஒரு விலக்கு நம் சட்டத்தில் எங்கும் இல்லை. 52ஆவது பிரிவில் நியாயமான பயன்பாட்டுக்கு இடம் உண்டு, ஆனால் அது சொந்த உபயோகம், விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு. தொழிலைக் காட்டி ஆள் பிடிக்கும் வீடியோ அதற்குள் வராது. கீழே "பாடல் உரிமை உரியவருக்கே" என்று எழுதியிருந்தது பயன்படுமா என்றார். அனுமதி இல்லை என்று தெரிந்தே போட்டீர்கள் என்பதற்குத்தான் அது சாட்சி ஆகும்.

அப்புறம் அவர் சொன்ன ஒன்று என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. "கல்யாணத்துல பாட்டுப் போட காசு கட்ட வேணாம்னு கவர்ன்மென்டே சொல்லிடுச்சே அண்ணே, பேப்பர்ல வந்துச்சே". வந்தது உண்மை. 52ஆவது பிரிவின் ஓர் உட்பிரிவு, மதச் சடங்குகளில் பாட்டு இசைப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது, திருமண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்ற கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை இதை நினைவூட்டி, கல்யாணங்களில் போடும் பாட்டுக்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்று அறிவிப்பும் வெளியிட்டது. அந்தச் சலுகை மண்டபத்துக்குள் அந்த நேரத்தில் ஒலிக்கும் பாட்டுக்கு. அதே பாட்டின் ஒலிப்பதிவைப் பிரதி எடுத்து, படத்தோடு இணைத்து, ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி இணையத்தில் வைப்பது வேறு செயல், வேறு அனுமதி. கல்யாணம் வீட்டுக்காரர்களுடையது, ரீல் ஸ்டூடியோவுடையது. இந்தக் கோட்டை அவர் புரிந்துகொண்ட பிறகு மற்ற எல்லாமே சுலபமாகிவிட்டது.

கீபோர்டில் அதே மெட்டை வாசித்துப் போட்டால் என்ன என்று எடிட்டர் கேட்டார். பாட்டில் குறைந்தது இரண்டு அடுக்கு உரிமை இருக்கிறது. மெட்டும் வரியும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. வாசித்துப் போட்டால் இரண்டாவது அடுக்கைத்தான் தாண்டுகிறோம், மெட்டின் உரிமை அப்படியே நிற்கிறது.

எல்லாரும்தானே போடுகிறார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, அது உண்மை. ஆனால் பெரிய இடங்களும் மாட்டியிருக்கின்றன. 2022 நவம்பரில் காங்கிரஸ் கட்சி தன் யாத்திரை வீடியோவில் ஒரு கன்னடப் படத்தின் பாட்டைப் போட்டதற்கு, பெங்களூரு நீதிமன்றம் கட்சியின் ட்விட்டர் கணக்கையே தற்காலிகமாக முடக்கச் சொன்னது. அந்தப் பதிவுகளை நீக்குவதாக ஒப்புக்கொண்ட பிறகு உயர்நீதிமன்றம் அதை விலக்கியது. ஒரு வீடியோவுக்காகக் கணக்கு முழுவதையும் முடக்க உத்தரவு வாங்க முடியும் என்பதை ஸ்டூடியோக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பயத்தில் உடனே எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றுதான் அவர்களுக்குத் தோன்றியது. அப்படிச் செய்ய வேண்டாம் என்று நிறுத்தினேன். முதலில் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ரீலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம், பார்வைக் கணக்கு காட்டும் இன்சைட்ஸ் பக்கத்தையும் சேர்த்து. பூஸ்டுக்குச் செலவழித்த பணம் எவ்வளவு, எந்த ரீலுக்கு என்பதையும் இறக்கி வைத்தோம். பேச்சுவார்த்தையில் இது உதவியது, ஏனென்றால் அந்தப் பதினொன்றில் ஒன்றுக்குக்கூடப் பணம் கட்டி விளம்பரம் செய்ததில்லை என்று காட்ட முடிந்தது. அதற்கப்புறம் அந்தப் பதினொன்றை நீக்கி, சினிமாப் பாட்டு உள்ள மற்ற எல்லா ரீலையும் வெளியார் கண்ணில் படாத ஆர்க்கைவுக்கு நகர்த்தினோம். பக்கம் பாதிக்கு மேல் காலியாகிவிட்டது.

பதிலை ஸ்டூடியோ தரப்பில் அமர்த்திய வழக்கறிஞரே எழுதினார். பதில் போடாமல் இருப்பதோ, உரிமையாளரே தமிழும் ஆங்கிலமும் கலந்து மன்னிப்பு மெயில் அனுப்புவதோ இரண்டுமே ஆபத்து. குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சொற்கள் இல்லாமல், நீக்கிவிட்டோம், இனி உரிமம் இல்லாமல் பயன்படுத்த மாட்டோம், தொகை எங்கள் தொழிலின் அளவுக்குப் பொருந்தவில்லை, பேசலாம் என்று ஒரு பக்கம். இரண்டு சுற்றுப் பேச்சுக்குப் பிறகு கேட்டதைவிடக் கணிசமாகக் குறைந்த தொகையில் முடிந்தது. குறைந்தது என்றாலும் வலித்தது. அந்த ஆண்டு வாங்கவிருந்த லென்ஸ் வாங்கவில்லை.

யூடியூப் ஸ்ட்ரைக்குக்கு எதிர் அறிவிப்பு அனுப்பலாம் என்று ஒரு நண்பர் அவருக்கு யோசனை சொல்லியிருந்தார். வேண்டாம் என்றோம். எதிர் அறிவிப்பு என்பது, தவறுதலாக நீக்கிவிட்டார்கள் என்று சட்டப்படி உறுதிமொழி கொடுப்பது. இங்கே முழுப் பாட்டும் இருந்தது, தவறுதல் எதுவும் இல்லை. பொய்யான உறுதிமொழி கொடுத்தால் வழக்கைக் கூப்பிட்டு வாங்கியது மாதிரி. முதல் ஸ்ட்ரைக் என்பதால் யூடியூப் சொன்ன காப்பிரைட் பாடத்தை முடித்துவிட்டு 90 நாள் காத்திருந்தார்கள். அந்தக் காலத்துக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே போய்விடும் என்பதால், பழைய ஹைலைட்ஸ் எல்லாவற்றையும் பொதுப்பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கணக்கை மறுபடி கிரியேட்டர் அக்கவுண்டாக மாற்றினால் பாட்டுகள் திரும்ப வந்துவிடுமே என்ற யோசனையும் வந்தது. வரும். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். நான் உடன்படவில்லை. ஆப் எந்தப் பட்டனைக் காட்டுகிறது என்பதில் நம் தொழில் மாறிவிடாது. புக்கிங் நம்பர் போட்ட ரீல் எந்த வகைக் கணக்கில் இருந்தாலும் வணிகம்தான். ஒரு நோட்டீஸ் வாங்கி உறுதிமொழியும் கொடுத்த ஸ்டூடியோ அந்தச் சந்தில் நுழையக் கூடாது.

பிறகு வீடியோவையே மூன்றாகப் பிரித்தோம். குடும்பத்துக்குப் பென்டிரைவில் போகிற பிரதி ஒன்று, அதில் அவர்கள் கேட்ட பாட்டு இருக்கும், இணையத்தில் ஏற்றக் கூடாது என்று ரசீதிலேயே எழுதிக் கொடுப்பார்கள். இதற்கும் வழக்கறிஞர் முழு உத்தரவாதம் தரவில்லை, சொந்த உபயோகம் என்று வாதாட இடம் இருக்கிறது, ஆனால் செய்து கொடுப்பவர் காசு வாங்குகிறாரே என்றார். உரிமையாளர் அந்த அளவு ஆபத்தை ஏற்றுக்கொண்டார். இரண்டாவது, ஸ்டூடியோவின் பக்கத்துக்கான பிரதி, அனுமதியுள்ள இசை மட்டும். மூன்றாவது, ஜோடிக்குப் பாட்டே இல்லாமல் கொடுக்கும் குட்டி வீடியோ. அவர்கள் தங்கள் சொந்தக் கணக்கில், ஆப்பிலிருந்தே பிடித்த பாட்டைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம், அதற்குத்தான் அந்த வசதி இருக்கிறது. ஒரே பதிவு இரண்டு பக்கத்திலும் வரும்படி கொலாப் கேட்டால் மட்டும் ஏற்க வேண்டாம் என்று முடிவு, ஏற்றால் அந்தப் பாட்டு மறுபடி ஸ்டூடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

## நாதஸ்வரம்

அனுமதியுள்ள இசைக்கு எங்கே போவது? வெளிநாட்டு இசை நூலகங்களுக்குச் சந்தா கட்டிப் பார்த்தார்கள். உரிமம் சுத்தமாக இருந்தது. ஆனால் கிட்டாரும் பியானோவும் கேட்டுக்கொண்டே கூரைப்புடவையும் அரசாணிக்காலும் பார்ப்பது ஒட்டவே இல்லை. மெட்டாவின் தொகுப்பிலும் அதே கதை.

அப்போது எடிட்டர்தான் சொன்னார், "அண்ணா, மண்டபத்துல வாசிக்கிறாங்களே, அதையே எடுத்தா என்ன?"

இத்தனை காலம் கேமரா மைக்கில் பதிவான நாதஸ்வரத்தை அவர்கள் டைம்லைனில் முதல் வேலையாக ஊமையாக்கிவிட்டுத்தான் சினிமாப் பாட்டைப் போட்டுவந்தார்கள். தஞ்சாவூர்ச் சீமையில், நாதஸ்வரத்துக்குப் பேர்போன திருவாவடுதுறையும் திருவிடைமருதூரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில்! எனக்கு அது இன்றைக்கும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தியாகராஜர் 1847இல் காலமானவர், முத்துசுவாமி தீட்சிதர் 1835இல். இசையமைத்தவர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் அந்த இசை பொதுச் சொத்து. ஆகவே கீர்த்தனைக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். ஒலிப்பதிவு நாமே எடுப்பது. மிச்சம் இருப்பது வாசிக்கிறவரின் உரிமை, 38ஆவது பிரிவு கலைஞருக்குக் கொடுப்பது. அதற்கு வித்வானிடம் எழுதி வாங்க வேண்டும். உரிமையாளர் தனக்குப் பழக்கமான ஒரு வித்வானிடம் பேசினார். பெரியவருக்கு முதலில் சந்தேகம், "எங்க வாசிப்பை யாருக்காவது வித்துடுவியா தம்பி?" என்று கேட்டார். எதற்கெல்லாம் பயன்படும், எதற்குக் கூடாது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, நாதஸ்வரம் இருவர், தவில் இருவர், நால்வருக்கும் படித்துக் காட்டி, சம்பாவனைக்கு மேல் தனித் தொகையும் கொடுத்து, ஒவ்வொரு பதிவிலும் குழுவின் பெயர் போடுவோம் என்றும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

பதிவு செய்வது லேசில் கைவரவில்லை. முதல் கல்யாணத்தில் சின்ன ரெக்கார்டரை மேளக்காரர்கள் உட்கார்ந்த ஜமக்காளத்திலேயே வைத்துவிட்டார்கள். தவிலின் வலந்தலையில் (வலப்பக்கத்தில்) கூடு என்னும் உறை போட்ட விரல் விழும்போதெல்லாம் ஒலி கிழிந்தது, கெட்டிமேளம் மொத்தமும் வெறும் இரைச்சல். அடுத்ததில் ரெக்கார்டரைப் பத்தடி தள்ளி, ஆள் உயரத்துக்கு ஸ்டாண்டில், நாதஸ்வரத்தின் அனசு (அகன்ற அடிமுனை) பார்க்கும் திசையிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்தார்கள். கெட்டிமேளத்தில் உச்சம் எகிறும் என்று முன்கூட்டியே அளவைத் தாழ்த்தி, அதே ஒலியை இன்னும் தாழ்ந்த அளவில் இரண்டாவது டிராக்கிலும் ஓடவிட்டார்கள். மண்டபத்து எதிரொலி இருக்கத்தான் செய்தது, ஆனால் அந்த எதிரொலிதான் கல்யாணம் மாதிரி கேட்க வைத்தது.

ரீல்களுக்கு இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். உள்ளூரில் கீபோர்டு வாசிக்கும் ஒரு இளைஞர் வீணை, புல்லாங்குழல் ஒலிகளோடு சின்னச் சின்ன மெட்டுகள் செய்து கொடுத்தார். முதலில் வாட்ஸ்ஆப்பில் "ஓகே அண்ணா, யூஸ் பண்ணிக்கோங்க" என்பதோடு முடித்திருந்தார்கள். வழக்கறிஞர் அதை ஏற்கவில்லை. 19ஆவது பிரிவின்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும், காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். இவர்களின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குச் சிங்கப்பூரிலும் துபாயிலும் சொந்தம் இருக்கிறது. காலமும் உலகம் முழுவதும் என்பதும் எழுதிப் புதிதாகக் கையெழுத்தானது.

## பிறகு நடந்தவை

முதல் சில மாதம் பார்வைகள் நன்றாகவே குறைந்தன. டிரெண்டிங் ஆடியோ கொடுக்கும் தள்ளுதல் இல்லாமல் போனதை மறைப்பதற்கில்லை. பக்கத்து ஊர் ஸ்டூடியோ ஒன்று அதே சினிமாப் பாட்டுகளோடு வளர்ந்துகொண்டிருந்தது, உரிமையாளருக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வேதனை. ஆனால் டி.எம்.மில் வரும் விசாரணைகள் பார்வைகள் அளவுக்குக் குறையவில்லை. பாட்டுக்காகப் பார்த்தவர்கள் வேறு, கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் வேறு என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த ஆவணியில் போட்ட ஒரு ரீல் நல்ல பெயர் வாங்கியது. அதில் பாட்டே கிடையாது. நலுங்கில் பாட்டி ஒருவர் பேத்தியின் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டே, "அழுவாதடி, கண்மை கலையுது" என்று சொல்லிவிட்டுத் தானும் அழுகிறார். அந்தக் குரலும், பின்னால் தூரத்தில் நாதஸ்வரம் சுருதி சேர்க்கும் ஒலியும்தான். பாட்டியிடமும் கேட்டுவிட்டுத்தான் போட்டார்கள். நாதஸ்வரக் குழுவுக்கும் அந்தப் பக்கத்தைப் பார்த்து நேரடி அழைப்புகள் வந்தன.

எதிர்பாராதது யூடியூபில் நடந்தது. நாங்களே பதிவு செய்த முகூர்த்தப் பகுதி, தியாகராஜரின் சீதா கல்யாண வைபோகமே, அதற்கு கன்டென்ட் ஐடி கிளெய்ம் வந்தது. ஏதோ ஓர் இசை நிறுவனம் விற்கும் நாதஸ்வரப் பதிவு அதே கீர்த்தனை, அதே வேகம், இயந்திரம் இரண்டையும் ஒன்று என்று எடுத்துக்கொண்டது. எடிட்டர் பயந்து வீடியோவை எடுக்கப் போனார். இந்த முறை எடுக்கக் கூடாது என்றோம், ஏனென்றால் இங்கே உரிமை நம்முடையது. மறுப்பு தெரிவித்தோம். இயற்றியவர் 1847இல் காலமானவர், ஒலிப்பதிவு எங்களுடையது, வாசித்தவர்களின் எழுத்து அனுமதி கையில் இருக்கிறது, வாசிப்பவர்கள் வீடியோவில் தெரியும் நிமிடம் இது என்று நாலு வரி. மறுப்புக்குப் பதில் சொல்ல உரிமை கோரியவருக்கு 30 நாள் உண்டு. அதற்குள் அவர்களே கிளெய்மை விலக்கிக்கொண்டார்கள். முன்பு வந்த ஸ்ட்ரைக்குக்குப் பேசாமல் இருந்ததும் இதற்கு மறுத்ததும் ஒரே கணக்குதான்: ஒலி எங்கிருந்து வந்தது என்பதற்குக் கையில் காகிதம் இருக்கிறதா?

## இப்போது மாற்றியிருப்பவை

புக்கிங் படிவத்தில் இசைக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. முன்பணம் வாங்கும்போதே பேசிவிடுகிறார்கள். "எங்களுக்கு இந்தப் பாட்டுதான் வேணும்" என்ற ஜோடிகளிடம், வீட்டுப் பிரதியில் வரும், உங்கள் சொந்தக் கணக்கில் நீங்கள் போட்டுக்கொள்ளலாம், எங்கள் பக்கத்தில் வராது என்று சொல்கிறார்கள். இதனால் கைவிட்டுப் போன ஆர்டர்கள் இருக்கின்றன, அதிகம் இல்லை. முழுப் பாட்டுக்கு வாயசைக்கும் ஷூட்டை எடுத்துத் தருகிறார்கள், தங்கள் பக்கத்தில் ஏற்றுவதில்லை.

எடிட்டிங் முறையும் மாறியது. பாட்டைப் போட்டு வெட்டுவதற்குப் பதில், முகூர்த்தத்தின் ஒலியை முழுதாகக் கேட்டுவிட்டு, எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு அதற்கு வெட்டுகிறார். நேரம் கூடுதல் ஆகிறது. ரெக்கார்டர் இப்போது லென்ஸ் மாதிரி பையில் கட்டாயம் இருக்க வேண்டிய பொருள். ஒவ்வொரு வீடியோவின் போல்டரிலும் அதில் வரும் ஒலிக்கான அனுமதியின் பிரதி கிடக்கிறது.

இன்னும் தீராதது ரிசப்ஷன். மெல்லிசைக் குழு மேடையில் பாடுவது எல்லாம் சினிமாப் பாட்டு. பாடுகிறவரிடம் அனுமதி வாங்கினாலும் மெட்டின் உரிமை வெளியே இருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் டி.ஜே. பாட்டுக்கு ஆடிக்கொண்டே மண்டபத்துக்குள் வரும் காட்சியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், அந்த ஆட்டத்திலிருந்து பாட்டைப் பிரிக்க வழியில்லை. இப்போதைக்கு அந்த இடத்தில் ஒலியைத் தாழ்த்தி, கூட்டத்தின் விசிலையும் கைதட்டலையும் மேலே ஏற்றி, அதன் மேல் கீபோர்டுத் தம்பியின் மெட்டைப் போடுகிறார்கள். கால் ஒரு தாளத்திலும் ஒலி இன்னொரு தாளத்திலும் போவது கவனித்துப் பார்த்தால் தெரிகிறது. டி.ஜே.வுக்கே முன்கூட்டி அந்த மெட்டைக் கொடுத்து, அதற்கே ஆட வைக்க முடியுமா என்று வரும் தையில் ஒரு கல்யாணத்தில் முயலப்போகிறார்கள், ஜோடி சம்மதித்திருக்கிறது.